ஆலாசிக்கு விழுந்த பதினொரு புள்ளி

கிட்ட வந்து இருங்கோ தம்பி. அந்தக் கரைச் சீட்டுக்குச் சூடு வராது. அஞ்சாறு வருசமா இந்த பஸ்ஸில போய்வாறன், எனக்குத் தெரியாதே? பையைத் தூக்கி மேல போடுங்கோ. ரொறன்ரோ மட்டும் அஞ்சு மணித்தியாலம், அந்தப் போனை எவ்வளவு நேரந்தான் பாக்கப் போறியள்? இந்தாங்கோ, ஒரு றோல்ஸ் சாப்பிடுங்கோ. கொஞ்சம் உறைப்புத்தான். தண்ணி வைச்சிருக்கிறன்.

என்ன வேலை எண்டோ? சமையல். சமையல் எண்டா ஹொட்டேல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியள் வந்து இருக்கிற வீடு. எங்கட பெண்டுகள் இல்லை, வடக்குப் பெண்டுகள். இனுயிட் சனம். மேல, பனிக்கு அங்கால, ரோட்டே இல்லாத ஊருகள். பிளேனில மட்டுந்தான் போய் வரலாம். அங்க பெரிய ஆசுப்பத்திரி இல்லை. அதால பெறுமாதம் கிட்ட வர, ஒவ்வொருத்தியையும் பிளேனில ஏத்தி இஞ்ச இறக்கி விடுவினம். நாலு கிழமை, அஞ்சு கிழமை எங்கட வீட்டில இருந்து, இஞ்ச ஆசுப்பத்திரியில பெத்து, பிள்ளையோட திரும்பிப் போறது. புருசன் அங்க, மற்றப் பிள்ளையள் அங்க. இதுகள் இஞ்ச ஜன்னலடியில நிண்டு வாகனங்களைப் பாத்துக்கொண்டு நிக்குங்கள். பதினொரு அறை. பதினொரு வயிறு. நான் ஒருத்தி சமையல்.

எனக்குக் களைச்சுப் போச்சுது தம்பி. சமைச்சுக் களைச்சதில்லை. வேற களைப்பு. அதைத்தான் சொல்ல வாறன்.

எல்லாரையும் அனுப்பிறேல்லை, கேளுங்கோ. சில ஊருகளில அவையின்ரை ஆக்களே படிச்ச மருத்துவிச்சியளா இருக்கினம். பிள்ளை பெற ஒரு சின்ன வீடும் இருக்கு. ஆனா ஆர் அங்கேயே பெறலாம், ஆர் இஞ்ச வரவேணும் எண்டு ஒரு தாள் இருக்கு. புள்ளி போடுற தாள். வயசுக்கு இவ்வளவு, முந்தி நடந்த பிள்ளைப்பெறுக்கு இவ்வளவு, சிகரெட்டுக்கு இவ்வளவு. பத்துக்கு மேல போனா சிவப்பு. சிவப்பு எண்டா இஞ்சதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு கூட்டம் நடக்கும், போனில. இஞ்சத்தை நேர்ஸ், ஆசுப்பத்திரி டொக்டர், அந்தந்த ஊர் மருத்துவிச்சி, எல்லாரும் போனில இருந்து ஒவ்வொரு பேராச் சொல்லிச் சொல்லிப் புள்ளியைக் கூட்டுவினம். எங்கட சாப்பாட்டறை மேசையிலதான் போனை நடுவில வைக்கிறது. நான் கதவைச் சாத்தினாலும் எனக்குக் கேக்கும். படிப்பு அஞ்சாம் வகுப்பு, ஆனா காது நல்ல காது.

ஆலாசி மார்கழி முடியப் போகேக்க வந்தவ. முப்பத்தொன்பது வயசு, அஞ்சாவது வயிறு. குள்ளமா, கன்னம் சிவந்து, ஒரு பெரிய கோட்டுக்குள்ள இருந்து தலையை நீட்டிப் பாத்தா. முப்பத்திமூண்டு கிழமையிலேயே அனுப்பிப் போட்டினம். ஏனெண்டா அவவுக்கு நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு எண்டு ஊரில எடுத்த ஸ்கான் படத்தில தெரிஞ்சது. அது வழியை மறிச்சா ரத்தம் கொட்டும். இஞ்ச பெரிய மெசினில திரும்பவும் பாக்கவேணும். மேல ஏறியிருந்தா ஊருக்குப் போகலாம், ஏறாட்டி இஞ்ச.

அவ கதைக்க மாட்டா. ஓம் எண்டா புருவத்தை உயர்த்துவா, இல்லை எண்டா மூக்கைச் சுருக்குவா. அவையின்ரை வழக்கமே அதுதான். கொரின் எண்டு எங்கட நேர்ஸ், நல்ல பிள்ளை, புதுசில அவவுக்கு இது தெரியாது. "பதில் இல்லை, பதில் இல்லை" எண்டு தாள் முழுக்க எழுதிப் போட்டா. நான்தான் சொன்னனான், "கொரின், முகத்தைப் பார், தாளைப் பாக்காதை" எண்டு. இப்பிடி நான் எவ்வளவு உதவி செய்திருப்பன் அந்த வீட்டுக்கு!

சாப்பாடு? என்ர சோறும் கறியும் அவவுக்குப் பிடிக்கேல்லை. சூப் வைச்சன், கோழி அவிச்சன், உப்பில்லாமல், உறைப்பில்லாமல், எங்கட ஆள் ஒருத்தர் கண்டா அழுவார், அப்பிடி ஒரு கோழி. மூக்கைச் சுருக்கினா. சரி, பசிச்சாச் சாப்பிடுவா எண்டு விட்டிட்டன்.

தையில மெசினில பாத்தினம். நஞ்சுக்கொடி மேல ஏறிட்டுது! கொரின் வந்து அவவைக் கட்டிப் பிடிச்சா. திரும்பப் புள்ளியைக் கூட்டினவை. வயசுக்கு ரெண்டு, அஞ்சாவது வயிறெண்டு ஒண்டு, மூண்டாவது பிள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் கூடப் போனதெண்டு ரெண்டு, சிகரெட்டுக்கு ஒண்டு. ஆறு. ஆறுதான்! அடுத்த வெள்ளிக்கிழமைப் பிளேனில போகலாம் எண்டிட்டினம். அந்த வெள்ளியை விட்டா ஏலாது. அதுக்கு அடுத்த வெள்ளி முப்பத்தாறு கிழமை தாண்டிப் போம், தாண்டினா பிளேன்காரர் ஏத்த மாட்டினம்.

அண்டைக்குத்தான் அவ சிரிச்சு நான் கண்டது. முன்பல் ஒண்டு இல்லை.

பேந்து ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டித் துடைக்கிற பிள்ளை வாறேல்லை, நான்தான் அறையளைப் பாக்கிறது. ஆலாசி கீழ மற்றப் பெண்டுகளோட சீட்டு விளையாடிக் கொண்டிருந்தா. நான் தும்புத்தடியோட அவவின்ர அறைக்குப் போனன். கட்டிலுக்குப் பின்னால ஒரு பெட்டி மட்டை, நாலா மடிச்சு வைச்சிருக்கு. எடுத்து விரிக்கிறன், ரத்தம். துளி இல்லைத் தம்பி, ஊறிப் போயிருக்கு.



உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். தொண்ணூற்றைஞ்சில, சண்டை வர, யாழ்ப்பாணத்தில நாங்கள் எல்லாரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டு நடந்தனாங்கள், உங்கட அம்மா அப்பா சொல்லியிருப்பினம். என்ர தங்கச்சி தவமலர் எட்டு மாசம். தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில, பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கில் ரெண்டைச் சேத்துப் போட்டுப் படுக்க வைச்சம். கீழ ஒரு பேப்பர் விரிச்சு விட்டனான். விடிய அந்தப் பேப்பரைப் பாக்கிறன்... சரி விடுங்கோ. டொக்டரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நான் மட்டுந்தான் இருந்தனான்.

அதால நான் கத்தினன். மட்டையைக் குப்பைப் பையில போட்டுக் கட்டிப் போட்டு, ஓடி வந்து போனை எடுத்தன். பத்து நிமிசத்தில அம்புலன்ஸ். ஆலாசி கையில சீட்டோட இருந்தா, நாலு பேர் வந்து அவவைத் தூக்கிக் கட்டில்ல படுக்க வைக்கினம், அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்னைத்தான் பாத்துக் கொண்டு போனா.

நான் செய்தது பிழையே? சொல்லுங்கோ. ஆரும் அதைத்தான் செய்வினம்.

ஆசுப்பத்திரியில செவ்வாய் வரைக்கும் வைச்சிருந்தினம். எல்லாம் பாத்தவை. ரத்தம் போன அடையாளம் இல்லை எண்டினம். ஆனா போகேல்லை எண்டும் சொல்ல ஏலாதாம். ஏனெண்டா சமையல் அம்மா கண்ணால கண்டிருக்கிறா. தாளில அதுக்கொரு கட்டம் இருக்கு, "காரணம் தெரியாத ரத்தம்" எண்டு. அதுக்கு அஞ்சு புள்ளி. ஆறும் அஞ்சும் பதினொண்டு. சிவப்பு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கிறன், ஆலாசி வாறா. கூட லூயிசா. லூயிசா அவையின்ரை பெண், எங்கட வீட்டில மொழி மாத்திச் சொல்லுறவ. ஆலாசி கோட்டுக்குள்ள இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்ர வெங்காயத்துக்குப் பக்கத்தில வைச்சா. இறைச்சி. பச்சை இறைச்சி, கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. கரிபூ எண்டு அவையின்ரை பெரிய மான். ஊரில இருந்து பெட்டியில வாறதாம். ஜன்னலுக்கு வெளியில பனிக்குள்ள தாட்டு வைச்சு, நிலத்தில மட்டையை விரிச்சு, பிறை மாதிரி ஒரு கத்தியால சீவிச் சீவித் தின்னுறவையாம். அவ மட்டுமில்லை. பதினொரு பேரும்.

"மலா," எண்டா லூயிசா. என்னை அங்க மலா எண்டுதான் கூப்பிடுறது, இராசமலர் எண்டு அவைக்கு வராது. "மலா, நீ கண்டது மானின்ர ரத்தம்."

எனக்குக் கோவம் வந்திட்டுது. "அப்ப நான் அவிச்ச கோழி?" எண்டு கேட்டன்.

லூயிசா சிரிச்சா. ஆலாசி சிரிக்கேல்லை.

"கொரினிட்டைத் தனியாப் போய்க் காதில சொல்லு. நீதான் கண்டனி, நீ சொன்னா நம்புவா. ஆலாசி சொல்ல ஏலாது. அவ சொன்னா தாளில எழுதுவினம், மனேச்சருக்குத் தெரிய வரும், எல்லாற்ரை பெட்டியையும் மறிச்சுப் போடுவா."

ஏனெண்டா வீட்டில சட்டம், அறையில பச்சை இறைச்சி வைக்கக் கூடாது. அதைப் பாக்கிற பொறுப்பு ஆரின்ரை? என்ரை. ஏற்கெனவே ரெண்டு கடிதம் தந்திருக்கிறா மனேச்சர், முந்தி ஒருக்கா மீன் பிடிபட்டதுக்கு ஒண்டு, திருக்கைக் கருவாடு பிடிபட்டதுக்கு ஒண்டு. கருவாடு என்ரை, அதை விடுங்கோ. மூண்டாவது கடிதம் வந்தா நான் வீட்டை போகவேண்டியதுதான். அதோட நான் கத்தி, அம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஆசுப்பத்திரியையே ரெண்டு நாள் ஆட்டி வைச்சது மானுக்கெண்டு தெரிஞ்சா? ஊர் சிரிக்கும்.

நான் சொன்னன், "நான் கண்டது ரத்தம். கண்டதைச் சொன்னன். ஆரின்ரை ரத்தம் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டா, கேட்டதுக்கு மறுமொழி சொல்லுவன்."

உண்மைதானே தம்பி? கேக்காமல் போய் எப்பிடிச் சொல்லுறது?

அந்த மட்டையில ஒரு மயிர் ஒட்டியிருந்தது. கட்டையா, நரைச்ச மாதிரி. ஞாயிற்றுக்கிழமையே கண்டனான்தான். அவவின்ர தலைமயிராக்கும் எண்டு நினைச்சன். அவவின்ர தலைமயிர் நீட்டுக் கறுப்பு, ஓம். அந்த நேரத்தில ஆர் மயிரை அளந்து பாக்கிறது?

புதன்கிழமை விடியத் திரும்ப வந்தா. இந்த முறை லூயிசா ஒரு கதை சொன்னா. அவையிட்டை ஒரு வழக்கமாம். பிள்ளை பிறக்கேக்க தொப்புள்கொடி வெட்டுறவ அந்தப் பிள்ளைக்குத் தாய்க்கு அடுத்த ஆள். பெடியன் வளந்து முதல் முதல் பிடிக்கிற மீன், முதல் சுடுகிற பறவை, எல்லாம் அவவின்ர கையிலதான் குடுக்கவேணும். அப்பதான் அவன் ஆம்பிளை. ஆலாசியின்ர முதல் மூண்டுக்கும் மாமிக்காரி வெட்டினவ. நாலாவது பெடியன் இஞ்ச பிறந்தவன். கொடியை ஆர் வெட்டினதெண்டு தெரியாது. பச்சை முகமூடி போட்ட ஒருத்தர் எண்டு மட்டும் ஞாபகம். போன கோடையில அந்தப் பெடியன் முதல் மீன் பிடிச்சவனாம். பிடிச்சிட்டு ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு தெரியாமல் கரையில பின்னேரம் வரைக்கும் கையில வைச்சுக்கொண்டு நிண்டவனாம். கடைசியில திரும்பத் தண்ணிக்குள்ள விட்டிட்டு வந்து படுத்திட்டானாம். ஏழு வயசு.

"இந்தப் பிள்ளைக்கும் அப்பிடி வேண்டாம் எண்டுறா," எண்டா லூயிசா.

எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. நான் கல்லு இல்லைத் தம்பி. ஆலாசியின்ர கையைப் பிடிச்சுச் சொன்னன், "பிள்ளை, இஞ்ச பெத்தாலும் பிள்ளை பிள்ளைதான். இஞ்ச டொக்டர்மார் இருக்கினம், ரத்தம் இருக்கு, லைட் இருக்கு. என்ர தங்கச்சிக்கு இதில ஒண்டு இருந்திருந்தா..." எண்டு. மொழி விளங்காட்டியும் அவவுக்கு விளங்கியிருக்கும்.  பேந்து தன்ரை மற்றக் கையை என்ர கைக்கு மேல வைச்சு ரெண்டு தட்டுத் தட்டிப் போட்டுப் போனா. எனக்கு ஆறுதல் சொன்ன மாதிரி. ஆருக்கு ஆர் ஆறுதல் சொல்லுறது, பாருங்கோ.

அந்த வெள்ளிக்கிழமை அவ போனவ, அதை முதலே சொல்லிப்போடுறன், நீங்கள் பயப்பிடாதேங்கோ. மாசியில பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை, தாயும் சேயும் சுகம். கொடியை மாமிக்காரி வெட்டினவவாம், கொரின் சொன்னா. ஆனா அவ எப்பிடிப் போனவ எண்டதுதான் எனக்கு மனசில கிடந்து அறுக்குது. அவ அப்பிடிச் செய்திருக்கத் தேவையே இல்லை. பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பன். வேற ஒரு நாள், ஆறுதலா, ஆளில்லாத நேரமாப் பாத்து.

வியாழக்கிழமைக் கூட்டம். அண்டைக்கு என்னையும் கூப்பிட்டினம், கண்டது நான் எண்டபடியால. வாழ்க்கையில முதல் முறை அந்த மேசையில இருந்தனான். இந்தப் பக்கம் கொரின், அந்தப் பக்கம் லூயிசா, எனக்கு நேர முன்னால மனேச்சர், கையில ஒரு ஃபைல். ஆலாசி கோட்டைக் கழட்டாமல், ரெண்டு கையையும் கோட்டுக் கைக்குள்ள இழுத்து வைச்சுக்கொண்டு இருந்தா. குளிராக்கும் எண்டு நான் நினைச்சன். நடுவில போன். போனுக்குள்ள டொக்டர். அவையின்ரை ஊர் மருத்துவிச்சியும் இருந்தா, எலைசாப்பி எண்டு, வயசான குரல், இருமலோட.

எலைசாப்பி அவையின்ரை மொழியில என்னவோ கேட்டா. லூயிசா இங்கிலிசில மாத்தினா. "மருத்துவிச்சி கேக்கிறா, ரத்தம் கண்ட அம்மா, ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில வேற என்ன கண்டவ?"

எல்லாரும் என்னைப் பாத்தினம். கொரின் பாத்தா, லூயிசா பாத்தா. மனேச்சர் ஃபைலைத் திறந்தா. ஆலாசி மட்டும் மேசையைப் பாத்துக்கொண்டிருந்தா.

கேள்வியைக் கவனியுங்கோ தம்பி. ஞாயிற்றுக்கிழமை எண்டுதான் அவ கேட்டவ. இறைச்சியை நான் கண்டது செவ்வாய்க்கிழமை.

"வேற ஒண்டும் இல்லை," எண்டன்.

பொய்யில்லை அது. நீங்கள் படிச்ச ஆள், நீங்களே சொல்லுங்கோ.

போனுக்குள்ள எலைசாப்பி இருமினது கேட்டது. டொக்டர் சொன்னார், "அப்ப காரணம் தெரியாத ரத்தந்தான். பதினொண்டு. அவ இஞ்சயே இருக்கட்டும். அடுத்த பேர்?" எண்டு. கொரின் பேனையை எடுத்தா.

அப்பதான் ஆலாசி தலையை நிமித்தினா. ஒருக்கா என்னைப் பாத்தா. கோவமாப் பாக்கேல்லை. கடைக்குப் போய் ஒரு சாமான் இல்லை எண்டா திரும்புவம் பாருங்கோ, அப்பிடி. கோட்டுக்குள்ள இருந்து இடது கையை வெளியில எடுத்து, உள்ளங்கை மேல பாக்க, மேசையில வைச்சா.

பெருவிரலடியில இருந்து குறுக்க ஒரு வெட்டு. ஆழம். அண்டைக்கு விடிய வெட்டினதாத்தான் இருக்கவேணும், இன்னும் ஈரம் காயேல்லை.

மனேச்சர் "ஐயோ" எண்ட மாதிரி ஒரு சத்தம் போட்டா. ஆலாசி லூயிசாவுக்குச் சொல்லச் சொல்ல, லூயிசா மாத்தினா. "அவ சொல்லுறா, அந்த ரத்தம் இந்தக் கையின்ரை. வெட்டுப்பட்டதும் மட்டையால துடைச்சவவாம்."

"ஆசுப்பத்திரியில ரெண்டு நாள் இருந்தவ, ஏன் சொல்லேல்லை?" எண்டு டொக்டர் கேட்டார்.

"எல்லாரும் கீழதான் பாத்தவையாம். கையை ஒருத்தரும் பாக்கேல்லையாம்."

போனுக்குள்ள கிழவி சிரிச்சா, இருமலும் சிரிப்புமா. கொரின் அந்தக் கையைக் கன நேரம் பாத்தா. அவ நேர்ஸ். நாலு நாள் பழைய காயம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாதே அவவுக்கு? பேந்து என்னைப் பாத்தா. ஆனா எப்ப வெட்டினதெண்டு கேக்கேல்லை. இந்த நாட்டில ஒருத்தருக்கும் ஒழுங்காக் கேள்வி கேக்கத் தெரியாது தம்பி. தாளில அஞ்சை வெட்டினா. ஆறு எண்டு எழுதினா.

"என்ன வெட்டேக்க இப்பிடி ஆனது?" எண்டு கேட்டது மனேச்சர்தான். ஃபைலை இன்னும் மூடேல்லை.

 இப்ப இறைச்சி வெளியில வருது, பதினொரு பெட்டியும் போகுது, என்ர மூண்டாவது கடிதமும் வருது எண்டு நான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒரு நாளும் நான் அவவுக்கு ஒரு பழம் வெட்டிக் குடுத்ததில்லைத் தம்பி, சத்தியமா. கோழி அவிச்சு வைச்சதோட சரி.

ஆலாசி கையை மேசையில இருந்து எடுக்காமல், மனேச்சரைப் பாத்து, லூயிசாவுக்குக் கூட விடாமல், தனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலிசுச் சொல்லைத் தேடித் தேடித் தானே சொன்னா:

"ஆப்பிள். மலா தந்தது. எனக்குப் பசி எண்டு அவவுக்குத் தெரியும்."